கருத்தரிக்கும் காலத்துச் சூழலும் குழந்தையின் இதயக் குறைபாடும்: செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வசிக்கும் 27 வயதுச் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கணவர் வீட்டின் முன்கட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறார். அவர் இவருக்குத் தாய்மாமன் மகன். இவருடைய தாய்வீடு ஏற்காட்டில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. தை மாதம் முதல் வாரத்தில், நாள் நிறைந்து பிறந்த முதல் குழந்தைக்கு இதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் துளை இருந்தது. ஒன்றரை வயதில் அறுவை சிகிச்சை நடந்து, குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்துதான் காரணம் என்கிறார்கள் புகுந்த வீட்டார். பட்டறையின் ஆசிட் புகைதான் காரணம் என்கிறார்கள் பிறந்த வீட்டார். இரண்டாவது குழந்தைக்கு முன்பாக எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும், ஊரை விட்டு மலைக்கே குடிபோய்விடலாமா, அல்லது மலைக்காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் அதுவும் ஆகாதா என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்கு விடை தேடுமுன் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொருள் தீங்கு செய்தது என்று விவாதிக்கும் பலரும், அந்தப் பொருள் உடலில் பட்ட நாளில் குழந்தையின் இதயம் எந்த நிலையில் இருந்தது என்று கேட்பதில்லை.

கருத்தரித்த ஏறத்தாழ 22 ஆம் நாளில் கருவின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அதற்கு நான்கு அறைகள் கிடையாது. அது வெறும் ஒரு குழாய்தான். அடுத்த சில நாள்களில் அந்தக் குழாய் வளைந்து மடங்குகிறது. நான்காம் வாரத்தின் இறுதியிலிருந்து மேலறைகளையும் கீழறைகளையும் பிரிக்கும் சுவர்கள் வளர்கின்றன. இதயத்திலிருந்து வெளியேறும் ஒற்றைப் பெருங்குழாய் நடுவில் ஒரு தடுப்பு வளர்ந்து இரண்டாகப் பிரிய, ஒன்று உடலுக்கும் மற்றொன்று நுரையீரலுக்கும் இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள் ஆகின்றன. எட்டாம் வாரம் முடிவதற்குள் இதயத்தின் கட்டுமானம் நிறைவடைந்துவிடுகிறது. அதன் பிறகு இதயம் வளர்கிறதே தவிர, அதன் சுவர்கள் புதிதாக எழுப்பப்படுவதில்லை. இங்கே நான் வாரங்களைக் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறேன். மருத்துவமனைச் சீட்டில் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பதால் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும். இங்குள்ள எட்டு வாரம் அங்கே பத்து வாரம்.

உங்கள் குழந்தை தை முதல் வாரத்தில், அதாவது ஜனவரி நடுவில் நாள் நிறைந்து பிறந்திருக்கிறது என்றால் கரு உருவானது ஏப்ரல் கடைசி வாரத்தில். இதயம் துடிக்கத் தொடங்கியது மே நடுவில். சுவர்கள் முழுமையடைந்திருக்க வேண்டியது ஜூன் மூன்றாம் வாரத்துக்குள். ஏழாம் மாதம் நீங்கள் தாய்வீட்டுக்குப் போனது ஐப்பசியில். காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கும் வெள்ளைத் துளைப்பான் வண்டு வெளிவரும் பருவங்களுள் ஒன்று அது என்பதால் தோட்டங்களில் அப்போது மருந்து அடிப்பது இயல்பு. ஆனால் உங்கள் குழந்தையின் இதயச் சுவர் மூடியிருக்க வேண்டிய நாளும் மூடாமல் விட்ட நாளும் அதற்கு நான்கு மாதம் முன்பே கடந்துவிட்டன. ஐப்பசியில் அடித்த மருந்துக்கு அந்தத் துளையை உண்டாக்க வழியே இல்லை. தாய்வீட்டுக்குப் போனதால் வந்த வினை என்று யாராவது இனியும் சொன்னால், இந்தக் கணக்கை அவர்களுக்குக் காட்டலாம்.

அப்படியானால் பட்டறைதான் காரணம் என்று ஆகிவிடுமா? மே, ஜூன் மாதங்களில் நீங்கள் பட்டறை வீட்டில்தான் இருந்திருக்கிறீர்கள் என்பது உண்மை. ஒரு பொருள் சரியான நேரத்தில் அருகில் இருந்தது என்பதனாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. அதைச் சொல்ல, பிறவி இதயக் குறைபாடு எவ்வளவு பரவலானது, எதனால் வருகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

உயிருடன் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. பிறவிக் குறைபாடுகளிலேயே மிகுதியாகக் காணப்படுவது இதுதான். தொழிற்சாலையே இல்லாத ஊரிலும் இருக்கிறது. வசதியான வீட்டிலும் இருக்கிறது. இவற்றுள் கால்வாசி அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான குழந்தைகளிடம்தான், டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் மாற்றம், ஒற்றை மரபணுக் கோளாறு, தாயின் நீரிழிவு, குறிப்பிட்ட ஒரு மருந்து என்று காரணத்தைத் திட்டமாகச் சொல்ல முடிகிறது. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும். மற்ற குழந்தைகளிடம் மரபுக்கூறுகள் பலவும் சூழலும் சேர்ந்து செயல்பட்டிருக்கும். அதில் எது எவ்வளவு என்று ஒரு தனிக் குழந்தையை வைத்துப் பிரித்துச் சொல்ல இன்றைய மருத்துவத்தால் இயலாது. ஆகவே உங்கள் முதல் குழந்தைக்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் மருத்துவரையும் சோதிடரையும் ஒரே மாதிரிதான் நம்ப வேண்டும்.

இரத்த உறவுத் திருமணத்தையும் விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடப்பவை. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் உறவில் மணந்தவர்களின் குழந்தைகளுக்கு இதயக் குறைபாடு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று தென்னிந்தியாவில் செய்த ஆய்வுகளும் வேறு நாட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. வீட்டில் பூச்சிமருந்தையும் ஆசிட்டையும் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது: அதில் இரண்டு வீட்டுக்கும் சமபங்கு. நடந்துவிட்ட திருமணத்தை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. மரபியல் ஆலோசனை பெறுவதற்கு இது ஒரு நியாயமான காரணம் என்று மட்டும் சொல்கிறேன். முதல் குழந்தைக்கு முகத்தோற்றத்தில் மாறுபாடு, அண்ணப் பிளவு, வளர்ச்சித் தாமதம் போன்றவை கூடவே இருந்தால் அந்த ஆலோசனை கட்டாயம்.

சூழல் தொடர்பான காரணங்களில் ஐயத்துக்கு இடமின்றி முதலில் நிலைநாட்டப்பட்டது ஒரு தொற்று. 1941 இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரையுடன் குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தார். அவர்களுள் பலருக்கு இதயக் கோளாறும் இருந்தது. தாய்மார்களை விசாரித்தபோது, கருவுற்ற தொடக்கத்தில் ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்தது தெரிந்தது. தாய்க்கு இரண்டு மூன்று நாள் தடிப்புடன் போய்விடும் ஒரு சாதாரணக் காய்ச்சல், கருவின் இதயத்தைக் குலைக்க வல்லது என்று உலகம் அறிந்தது அப்போதுதான். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். உங்கள் வயதுக்காரர்கள் அந்த வரம்பைத் தாண்டியிருந்தவர்கள். சிறுவயதில் எம்.எம்.ஆர். போட்டதற்கான பதிவு இல்லையென்றால் இப்போதே இரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்பாற்றல் இல்லாவிட்டால் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரிப்பதே முறை. கருவுற்ற பிறகு அந்த ஊசியைப் போடக் கூடாது.

இரண்டாவது, சர்க்கரை. கருத்தரிக்கும்போதே நீரிழிவு இருந்து, அது கட்டுக்குள் இல்லாத தாயின் குழந்தைக்கு இதயக் குறைபாடு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு. பட்டறைப் புகை, பூச்சிமருந்து, காற்று மாசு ஆகிய எதற்கும் இவ்வளவு வலுவான, இவ்வளவு ஆய்வுகளில் ஒரே மாதிரி வந்த சான்று கிடையாது. மருத்துவர் சேஷய்யா போன்றோரின் முயற்சியால், கர்ப்பிணிகள் அனைவருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பல மாநிலங்களுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. அது பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தச் சோதனை நடக்கும் நாளில் இதயத்தின் கட்டுமானம் பெரும்பாலும் முடிந்திருக்கும். இதயத்தைக் காக்க வேண்டுமானால் சர்க்கரையைக் கருத்தரிப்பதற்கு முன்பு பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. 6.5 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. முதல் பிரசவத்தின்போது சர்க்கரை கூடியிருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கூடியிருந்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருந்துகளும் இந்த வரிசையில் வரும். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம் ஆகியவற்றை உட்கொள்பவர்கள் கருத்தரிக்கும் எண்ணத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்திவிடவும் கூடாது, ஏனென்றால் கட்டுப்பாடில்லாத வலிப்பும் ஆபத்தானது. குழந்தைப் பேற்றுக்கென்று பெயர் தெரியாத பற்பமும் செந்தூரமும் வாங்கி உண்பதை, குறிப்பாகச் சீட்டில் உட்பொருள் எழுதப்படாதவற்றை, தவிர்த்துவிடுங்கள். அத்தகைய சிலவற்றில் ஈயமும் பாதரசமும் கண்டறியப்பட்டிருக்கின்றன.

இனி உங்கள் வீட்டுப் பட்டறைக்கு வருகிறேன். கொலுசுப் பட்டறை என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அங்கே நடப்பவை தனித்தனி வேலைகள். அவற்றின் ஆபத்தும் தனித்தனி. கம்பி இழுப்பதிலும் சலங்கை கோப்பதிலும் அச்சப்பட ஒன்றுமில்லை. உருக்குவது, பொடி வைத்து ஊதுவது, ஆசிட்டில் போட்டு வெளுக்க வைப்பது ஆகிய மூன்று இடங்களில்தான் கவனம் வேண்டும். பற்றவைக்கும் பொடியில் கேட்மியம் கலந்திருந்தால் தீ நாக்கு படும்போது அது ஆவியாகிறது. அந்த ஆவிக்கு நெடி அதிகம் இல்லாததால் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரையும்போது எழும் செம்பழுப்புப் புகையோ கண்ணையும் தொண்டையையும் உடனே எரிக்கும், எல்லோரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். எல்லோரும் பயப்படும் அந்த ஆசிட் புகை முதன்மையாக நுரையீரலின் பகைவன். கருவின் இதயத்தை அது தாக்குகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. உடலில் தங்கி, நஞ்சுக்கொடியில் சேர்வது யாரும் பொருட்படுத்தாத கேட்மியம். ஈயமும் அப்படித்தான்: எலும்பில் பல்லாண்டு தங்கியிருந்து, கர்ப்ப காலத்தில் இரத்தத்துக்குத் திரும்பி வரும். இவை இதயத்தில் துளையிடுவது உறுதியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கருவின் வளர்ச்சிக்கு இவை கேடு என்பது உறுதி. அவற்றைக் குறைப்பதற்கு அந்தக் காரணமே போதும். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டு, கேட்மியம் இல்லாததை வாங்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனையை நீங்கள் இருவரும் செய்துகொள்ளலாம்.

உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் கரைப்பான்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரத்தின் ஒரு பகுதியில், ட்ரைகுளோரோஎத்திலீன் என்னும் கரைப்பான் நிலத்தடி நீரில் கலந்திருந்தது. அந்தப் பகுதியில் கருத்தரிப்புக் காலத்தில் வாழ்ந்தவர்களின் குழந்தைகளிடம் இதயக் குறைபாடு கூடுதலாக இருந்ததாக 1990 இல் ஓர் ஆய்வு வெளியானது. பிறகு விலங்குகளில் செய்த சோதனைகள் சில அதை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் விவாதம் ஓயவில்லை. அதே நாட்டில் 1981 முதல் 1989 வரை பால்டிமோர், வாஷிங்டன் வட்டாரத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றும், கரைப்பான்களுக்கும் சிலவகை இதயக் குறைபாடுகளுக்கும் தொடர்பிருக்கலாம் என்று காட்டியது. தின்னர், பெயின்ட், பிசுக்கு நீக்கி ஆகியவை இருக்கும் அறையில், குழந்தைக்கு முயலும் மாதங்களில் நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யாமல் இருப்பது செலவில்லாத முன்னெச்சரிக்கை.

பட்டறையை மூடச் சொல்வது எளிது, அதை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது பதில் ஆகாது. உருக்குவதையும் ஊதுவதையும் சமையல்கட்டும் படுக்கையறையும் இல்லாத இடத்துக்கு, முடிந்தால் மாடிக்கு அல்லது வாடகைக் கொட்டகைக்கு மாற்றச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் புகையை வெளியே இழுக்கும் மின்விசிறியைத் தீயின் பக்கத்திலேயே, ஊதுபவரின் முகத்துக்குப் புகை வராத திசையில் வைக்க வேண்டும். எதிர்ச்சுவரில் உயரத்தில் வைத்தால் புகை அவர் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் வெளியேறும். பட்டறைத் துணியோடு அவர் படுக்கைக்கு வரக் கூடாது. அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. கூட்டிப் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைத்தால் தூசு எழும்பாது. உதிரும் வெள்ளித்தூளும் வீணாகாது.

கணவரிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆணின் உயிரணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. ஆகவே தந்தையின் பங்குக்கான காலம் கருத்தரிப்புக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குகிறது. தந்தை புகைபிடிப்பதற்கும் குழந்தையின் இதயக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தாய் புகைபிடிப்பதற்கும் இதயச் சுவர்த் துளைகளுக்கும் உள்ள தொடர்பு இன்னும் தெளிவானது. நம் ஊர்ப் பெண்களில் புகைபிடிப்பவர் மிகக் குறைவு. மூடிய அறையில் கணவரின் பீடிப்புகையைச் சுவாசிப்பவர் மிக அதிகம். ஆசிட் புகையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் வீடுகளில் பீடியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் எல்லோர் கண்ணிலும் படுவது, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோ கலவையின் நீலம். இலையிலும் கையிலும் சேலையிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த நீலத்தைக் கண்டுதான் மக்கள் பயப்படுகிறார்கள். அது இலைத்துரு நோய்க்கான பூசணக்கொல்லி. கண்ணில் தெறிக்காமலும் வாயில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் இந்தக் கேள்வியில் அது முதன்மைச் சந்தேகத்துக்குரியது அல்ல. தண்டுத் துளைப்பானுக்கும் காய்த் துளைப்பானுக்கும் பயன்படுத்தும் குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் நிறத்தால் பயமுறுத்துவதில்லை. அவற்றைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குழந்தையின் மூளை வளர்ச்சி பற்றியவை. இதயத்தைப் பொறுத்தவரை, மேலே சொன்ன பால்டிமோர் ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் களைக்கொல்லியோ எலி மருந்தோ கையாண்ட தாய்மார்களின் குழந்தைகளிடம், பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருக்கும் குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டது. அது உங்கள் குழந்தைக்கு இருந்ததிலிருந்து முற்றிலும் வேறான குறைபாடு. தோட்டங்களில் ஆண்கள் மருந்தடிக்க, பெண்கள் தண்ணீர் சுமந்து பீப்பாயில் ஊற்றிக் கலக்கிக் கொடுப்பது வழக்கம். அடிப்பவர் மேல் தூறல் படும், கலக்குபவர் கையிலோ நீர்க்காத மருந்தே படும். குழந்தைக்கு முயலும் மாதங்களில் தாய்வீட்டுக்குப் போனால் இந்த வேலையில் கைகொடுக்காதீர்கள். மருந்தடித்த தோட்டத்துக்குள் ஓரிரு நாள் போகாமல் இருங்கள். தூரத்திலிருந்து நெடி வந்தது என்பதற்காக மனம் கலங்க வேண்டாம்.

மலைக்காற்றைப் பற்றிய அச்சத்துக்குப் பதில் சுருக்கமானது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளிலும் திபெத் பீடபூமியிலும் பிறக்கும் குழந்தைகளிடம் சிலவகை இதயக் குறைபாடுகள், குறிப்பாகப் பிறந்த பின் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு தமனிக் குழாய் மூடாமல் நின்றுவிடுவது, மிகுதி என்பது உண்மை. அந்த இடங்கள் மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பவை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். அந்த உயரத்தில் இந்தக் கவலைக்கு இடமில்லை.

மலைக்குக் குடிபோனால் காற்று தூய்மையாக இருக்குமே என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் வெளிக்காற்று மாசுக்கும் இதயக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு, செய்தித்தாள்கள் எழுதும் அளவுக்குத் தெளிவாக இல்லை. 2002 இல் தெற்குக் கலிபோர்னியாவில் வெளியான ஓர் ஆய்வு, கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்தில் கார்பன் மோனாக்சைடு கூடக் கூடக் கீழறைச் சுவர்த் துளையும் கூடியதைக் காட்டியது. மூன்றாண்டு கழித்து டெக்சஸில் வெளியான ஆய்வில் வேறு மாசுகள் வேறு குறைபாடுகளுடன் பொருந்தின. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் உள்ள ஒரு சிக்கலை நம் ஊர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். குழந்தை பிறந்தபோது பதிவான முகவரியை வைத்து அந்த இடத்துக் காற்றின் தரத்தைக் கணக்கிடுகிறார்கள். நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். மேட்டூரில் கருவுற்று, ஏழாம் மாதம் ஏற்காட்டுக்கு வந்து பெற்றவரின் குழந்தை, தாய்வீட்டு முகவரியில் பதிவானால் ஏட்டில் மலைக்காற்றின் குழந்தையாகிவிடும். இதயம் உருவான ஆறு வாரமும் அந்தக் குழந்தை மலையைப் பார்த்ததே இல்லை. தமிழ்நாட்டில் இப்படியோர் ஆய்வு செய்ய விரும்புபவர்கள், கடைசி மாதவிலக்கு நாளில் தாய் எங்கே குடியிருந்தார் என்ற கேள்வியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் நினைவு சார்ந்தது. குறைபாடுள்ள குழந்தையின் தாய், அந்த ஒன்பது மாதமும் உண்டது, முகர்ந்தது, தொட்டது அனைத்தையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருப்பார். நலமாகப் பிறந்த குழந்தையின் தாய்க்கு அதற்குத் தேவையே வந்திருக்காது. இருவரிடமும் மருந்து வாடை பட்டதா என்று கேட்டால், ஒரே அளவு பட்டிருந்தாலும் முதலாமவர் கூடுதலாகச் சொல்வார். அதோடு, ஆபத்து இருபது விழுக்காடு கூடுகிறது என்று ஓர் ஆய்வு சொன்னால், ஆயிரத்தில் பத்துக் குழந்தைக்கு வருவது பன்னிரண்டு குழந்தைக்கு வருகிறது என்றுதான் பொருள். ஊர் முழுவதற்கும் பார்த்தால் அது பெரிய எண்ணிக்கை. புகையைக் குறைக்கச் சட்டம் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்து போவதற்கு அது காரணம் ஆகாது. வெளிக்காற்றைவிட, விறகடுப்பு எரியும் காற்றோட்டமில்லாத சமையலறையில் கார்பன் மோனாக்சைடு அதிகம் என்பதால், மாற்றிக்கொள்ள முடிந்ததை அங்கே மாற்றுங்கள்.

வெப்பத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், இதயம் உருவாகும் வாரங்களில் கடும் வெப்ப நாள்களைக் கடந்த தாய்மாரின் குழந்தைகளிடம் சில குறைபாடுகள் சற்றுக் கூடியதாக 2017 இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆடியில் கருவுற்றால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும் என்று நம் பெரியவர்கள் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைப்பார்கள். இந்த ஆய்வின்படி பார்த்தால் பங்குனி, சித்திரையில் கருவுறுவதுதான் கவனிக்க வேண்டியது. சான்று மெலிதானது, இதற்காக நாள் பார்க்கத் தேவையில்லை. ஊதுலைக்குப் பக்கத்தில் சேலத்து மே மாதத்தைக் கழிக்காமல் இருந்தால் சரி. காய்ச்சல் வந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் பாராசிட்டமால் போட்டு உடனே தணிப்பது இதைவிட முக்கியம். கர்ப்பத் தொடக்கத்துக் காய்ச்சலுக்கும் இதயக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. கிரகணம், பப்பாளி, கைபேசிக் கதிர் ஆகியவற்றுக்கு இதயத் துளையோடு தொடர்பில்லை.

இதுவரை சொன்ன அனைத்துக்கும் அடியில் உள்ளது காலம் பற்றிய சிக்கல். பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் இருக்கிறது என்பதால், நம் பெண்கள் இப்போது முன்கூட்டியே கிராம சுகாதார செவிலியரிடம் போகிறார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பன்னிரண்டாம் வாரம் என்பது கருத்தரித்துப் பத்து வாரம். இதயம் கட்டி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். நாள் தள்ளிப்போய்ப் பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருப்பவர், இதயத்தின் முதல் துடிப்பைத் தவறவிடுகிறார். ஆகவே போலிக் அமிலமும் சர்க்கரைச் சோதனையும் ரூபெல்லா ஊசியும் பட்டறை இடமாற்றமும் குழந்தைக்கு முயலத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே நடக்க வேண்டியவை. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் தண்டுவடக் குறைபாட்டைத் தடுப்பது நிரூபிக்கப்பட்டது. இதயத்துக்கும் அது ஓரளவு காப்பு என்று நம்ப இடமிருக்கிறது: கனடா 1998 இல் மாவுப் பொருள்களில் போலிக் அமிலத்தைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிய பின், கியூபெக்கில் கடுமையான இதயக் குறைபாடுகள் ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வீதம் குறைந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும் அந்த மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குங்கள். சர்க்கரையோ வலிப்போ இருந்தால் கூடுதல் அளவு தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

இரண்டாவது குழந்தைக்கும் வருமா என்பதற்கு, மரபணு நோய்க்குறி எதுவும் இல்லாத குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இருந்திருந்தால் அடுத்த குழந்தைக்கு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை வாய்ப்பு என்று கணக்கிடுகிறார்கள். மற்றவர்களைவிட இது அதிகம்தான். ஆயினும் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட குழந்தைகள் நல்ல இதயத்தோடுதான் பிறக்கின்றன. ஐந்தாம் மாத ஸ்கேனோடு நிற்காமல், மருத்துவமனைக் கணக்கில் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்றே செய்யும் எக்கோவுக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். முதல் குழந்தையின் வரலாற்றைச் சொன்னால் எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். கடுமையான குறைபாடு தெரிந்தால், தாய்வீடா புகுந்த வீடா என்று பார்க்காமல் குழந்தைகள் இதய அறுவை வசதியுள்ள மருத்துவமனை இருக்கும் ஊரில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இத்தகைய அறுவை சிகிச்சைகளுக்கு இடமுண்டு. எக்கோவில் எல்லாம் சரியாக இருந்தாலும், குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 95 விழுக்காட்டுக்குக் குறைவாகவோ, கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வேறுபாடாகவோ காட்டினால் திரும்பப் பார்க்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் வீட்டுக்குப் போகும் முன் எக்கோ எடுத்துவிட வேண்டும். முதல் குழந்தையின் அறுவை சிகிச்சைச் சுருக்கத்தையும் எக்கோ அறிக்கையையும் இந்த முறை முதல் நாளிலிருந்தே கையில் கொண்டுபோங்கள். துளை சுவரின் எந்தப் பகுதியில் இருந்தது, கூடவே வேறு குறைபாடு இருந்ததா என்பதை அறிந்தால், எக்கோ பார்ப்பவர் எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.